பின்கண்ணாடி போய்விட்டது, உடைத்த தம்பியைக் காட்டிக்கொடுக்க மனமில்லை

வாசகரின் கடிதம், சுருக்கமாக

சிங்கப்பூரின் வடக்கே ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பேட்டையில் குடியிருப்பவர். வயது 43. எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இங்கே வந்து, பிறகு நிரந்தரவாசியாகி, இப்போது ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறார். எட்டு வயதான ஜப்பானிய ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறார். சிஓஇ, அதாவது காரை வைத்திருக்கத் தரும் உரிமச் சான்றிதழ், முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கீழே இறங்கியபோது, திறந்தவெளி கார் நிறுத்துமிடத்தில் அவருடைய காருக்குப் பின்னால் புல் வெட்டும் ஊழியர் ஒருவர் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கையைப் பிசைந்தபடி நின்றிருக்கிறார். "அண்ணே, கல்லு தெறிச்சிருச்சுண்ணே" என்றாராம். பின்கண்ணாடி முழுவதும் நொறுங்கியிருந்தது. டிண்ட் ஃபிலிம் ஒட்டியிருந்ததால் கொட்டாமல் துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. பின்கதவைத் தூக்கியதும் மொத்தமும் சரசரவென்று உள்ளே விழுந்துவிட்டது. கதவின் பெயிண்டிலும் பத்துக்காசு அளவில் ஒரு சிராய்ப்பு.

அந்தத் தம்பிக்குச் சிவகங்கைப் பக்கம். வந்து ஏழு மாதம்தான், ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் பாக்கி. "முதலாளிகிட்ட மட்டும் சொல்லிராதீங்கண்ணே, மாசம் அம்பது வெள்ளி நான் குடுத்துர்றேன்" என்று கெஞ்சியிருக்கிறார். வாசகர் "சரி போ, பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். கைப்பேசியில் இரண்டு படம் எடுத்து, கறுப்புக் குப்பைப் பையை டேப் போட்டு ஒட்டி, ஒன்பது நாளாக அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆளுக்கொரு யோசனை வந்திருக்கிறது. காப்புறுதியில் கேட்கச் சொல்கிறார் மனைவி. கேட்டால் 50 விழுக்காட்டு என்சிடி, அதாவது கோரிக்கை வைக்காதவருக்குக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு, போய்விடும் என்கிறார் கோப்பிக்கடை நண்பர். பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றம்தான் கட்ட வேண்டும் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் தீர்ப்பு. மச்சானோ எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் 750 ரிங்கிட்டுக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். இங்கே கார் விற்ற நிறுவனத்தின் ஒர்க்ஷாப்பில் 1,420 வெள்ளி கேட்டார்கள். காக்கி புக்கிட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் 560 வெள்ளி, ஃபிலிம் தனி. வாசகரே ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறார்: காப்புறுதி நிறுவனத்திடம் "காரை நிறுத்திவிட்டுப் போனேன், வந்து பார்த்தால் உடைந்திருந்தது, யார் என்று தெரியாது" என்று சொல்லிவிடுவது. "தம்பியும் தப்பிப்பான், எனக்கும் கண்ணாடி கிடைக்கும். இதில் தப்பில்லையே மேடம்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

பதில்

உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே இரண்டு வரி எழுதினேன்: இன்றே காப்புறுதி நிறுவனத்தை அழையுங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். திறந்தவெளியில் காரை நிறுத்தும் யாருக்கும் இது நடக்கலாம்.

நீங்கள் தொலைத்த கண்ணாடி எந்த வகை என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. கல் பட்டால் ஒரு புள்ளியோ கீறலோ விழும், சிறியதாக இருந்தால் பிசின் ஊற்றிச் சரிசெய்துவிடலாம். பின்கண்ணாடி பெரும்பாலான கார்களில் ஒற்றைத் தகடு. நன்றாகச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து இறுக்கியது. வெளிப்புறம் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும், உட்புறம் இழுவையில் இருக்கும். அந்த இறுக்கத்தால்தான் அதற்கு வலு. ஆனால் ஒரு சின்னக் கல் மேல்தோலைத் தாண்டிக் குத்திவிட்டால் மொத்தமும் ஒரே நொடியில் கற்கண்டுபோல் உதிர்ந்துவிடும். அதனால் "ரிப்பேர்" என்ற பேச்சுக்கே இடமில்லை, முழுதாக மாற்றத்தான் வேண்டும். பனி நீக்கும் சூட்டுக் கம்பிகளும், சில கார்களில் வானொலி ஆன்டெனாவும் அந்தக் கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்கும். உங்களுடையது ஹேட்ச்பேக் என்பதால் வைப்பருக்கான துளையும் இருக்கும். மூன்று இடத்தில் மூன்று விலை சொன்னதற்கு இவையும் ஒரு காரணம். தயாரிப்பாளர் முத்திரையுள்ள அசல் கண்ணாடி ஒரு விலை, வேறு நிறுவனம் அதே அளவில் செய்தது வேறு விலை. விலை கேட்கும்போது கம்பி, துளை, ஃபிலிம், 9 விழுக்காடு ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 560 என்று நீங்கள் எழுதியது கடைசியில் 700-ஐத் தாண்டினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்தப் பொய் வேண்டாம்

உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே ஆபத்தான விஷயம் ஒன்றே ஒன்றுதான். உடைந்த கண்ணாடியோ செலவோ அல்ல, "யார் என்று தெரியாது" என்று சொல்ல நினைக்கிறீர்களே, அது.

காப்புறுதி என்பது, கார் உங்களிடம் இருக்கும்போது என்ன நடந்தது என்று நீங்கள் சொல்வதை நம்பிப் பணம் தரும் ஏற்பாடு. பொய்யான விவரம் கொடுத்துக் கேட்டால் கோரிக்கையை அடியோடு நிராகரிக்கலாம், பாலிசியையே ரத்து செய்யலாம் என்ற வாசகம் பாலிசிப் புத்தகத்தில் எங்காவது இருக்கும். உங்களுக்குத் தெரிந்த ஆளை மறைத்தால், அந்த ஆளின் முதலாளியிடம் பணத்தைத் திரும்பக் கேட்க நிறுவனத்துக்கு உள்ள உரிமையையும் சேர்த்து மறைக்கிறீர்கள். இதே கதையைப் போலிஸ் ரிப்போர்ட்டிலும் எழுதிவிட்டால் அது தனிக் குற்றம். போலிஸ் வரை போகும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்று தெரிகிறது. ஆனால் ஒரு பொய்க்கு ஆதாரம் கேட்கும்போது அடுத்த பொய் தானாக வந்து நிற்கும். பக்கத்துக் காரின் கேமராவில் அந்தத் தம்பியும் நீங்களும் நின்று பேசுவது பதிவாகியிருந்தால் என்ன செய்வீர்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொய்க்கு அவசியமே இல்லை. உங்கள் பாலிசியில் கண்ணாடிக்கான பிரிவு இருந்தால், உடைத்தவர் யார் என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பணம் கிடைக்கும். "புல் வெட்டும்போது கல் தெறித்து உடைந்தது" என்று ஒரு வரி எழுதினால் போதும். தம்பியின் பெயரை நீங்களாக எழுத வேண்டியதில்லை. நேராகக் கேட்டால் மறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2008 முதல் இங்கே நடப்பில் இருக்கும் ஏற்பாடு. பொதுக் காப்புறுதிச் சங்கம் கொண்டுவந்தது. கண்ணாடி மட்டும் உடைந்த கோரிக்கைகளைப் பெரும்பாலும் தனி வழியில், சுருக்கமாக முடித்துவிடுவார்கள். இருந்தாலும் ஒன்பது நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்கலாம். அதற்கும் உண்மையையே சொல்லுங்கள்: யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன் என்று.

என்சிடி பற்றிக் கோப்பிக்கடையில் சொன்னது

நண்பர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதி உங்கள் கண்ணாடிக்குப் பொருந்தாது, பெயிண்ட் சிராய்ப்புக்குத்தான் பொருந்தும்.

முழுமையான பாலிசிகளில், அதாவது கம்ப்ரிஹென்சிவ் என்று சொல்கிறோமே அவற்றில், விண்ட்ஸ்கிரீனுக்குத் தனிப் பிரிவு இருப்பது வழக்கம். அதில் கேட்டால் என்சிடி பொதுவாகக் குறையாது. உங்கள் கையிலிருந்து போவது எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை மட்டும். பெரும்பாலான பாலிசிகளில் அது 100 வெள்ளி. ஆனால் உங்கள் பாலிசியை எடுத்து மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள். முதலாவது, பாலிசி முழுமையானதுதானா என்பது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பணம் மிச்சம் பிடிக்க மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு மாறிவிட்டு, அதை மறந்தும்விடுவார்கள். அதில் சொந்தக் கண்ணாடிக்கு ஒரு காசு வராது. இரண்டாவது, "விண்ட்ஸ்கிரீன்" என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் விளக்கம். சில பாலிசிகளில் முன், பின், பக்கக் கண்ணாடிகள் எல்லாம் அடங்கும், சிலவற்றில் முன்கண்ணாடி மட்டும். உங்கள் வழக்கே இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. மூன்றாவது, அவர்கள் அங்கீகரித்த கடையில்தான் மாற்ற வேண்டுமா என்பது. காக்கி புக்கிட் கடைக்காரரிடம் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

இப்போது அந்தச் சிராய்ப்பு. "கண்ணாடியோடு அதையும் சேர்த்துக் கேட்டுவிடலாமா" என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. பெயிண்டையும் சேர்த்த கணத்தில் அது கண்ணாடிக் கோரிக்கையாக இருக்காது, சாதாரணச் சேதக் கோரிக்கை ஆகிவிடும். அப்போதுதான் உங்கள் நண்பர் சொன்னது நடக்கும். 50 விழுக்காட்டில் இருப்பவர் ஒரு கோரிக்கைக்குப் பிறகு 20-க்கு இறங்குவார். மறுபடி 30, 40, 50 என்று ஏற மூன்று வருடம் ஆகும். நீங்கள் கழிவு போக 800 வெள்ளி கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கழிவில்லாத தொகை 1,600. முதல் வருடம் 480 வெள்ளி கூடுதலாகக் கட்டுவீர்கள், அடுத்த வருடம் 320, அதற்கடுத்த வருடம் 160. மொத்தம் 960 வெள்ளி, ஒரு பத்துக்காசுச் சிராய்ப்புக்காக. சிஓஇ இன்னும் இரண்டு வருடம்தான் என்றால் அந்தச் சிராய்ப்பை நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன். துரு பிடிக்காமலிருக்க டச்சப் பெயிண்ட் குப்பி ஒன்று போதும். என்சிடியைப் பாதுகாக்கும் கூடுதல் பிரிவு வாங்கியிருந்தால் கணக்கு மாறும். அதையும் பாருங்கள்.

நகர மன்றமா, ஒப்பந்ததாரரா?

பக்கத்து வீட்டுக்காரரிடம் நயமாகச் சொல்லுங்கள், சட்டம் அவ்வளவு நேராகப் போகாது. நகர மன்றம் புல்வெட்டும் வேலையை ஒரு தனி நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கும். சொந்த ஊழியர் செய்த தவற்றுக்கு முதலாளி பொறுப்பு. ஆனால் வேலையை வெளியே குத்தகைக்கு விட்டவர், அந்தக் குத்தகையாளரின் கவனக்குறைவுக்கு வழக்கமாகப் பொறுப்பாக மாட்டார். 2017-இல் நமது மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரு குடும்பம் தங்கள் பழைய வீட்டை இடிக்க ஒப்பந்ததாரரை அமர்த்தியிருந்தது. இடிபாடு பக்கத்து வீட்டின் மேல் விழுந்து சேதம். வீட்டுக்காரர்கள் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் போதிய கவனத்தோடு இருந்தார்கள், அதனால் சேதத்துக்குப் பொறுப்பு ஒப்பந்ததாரருடையதுதான் என்று முடிந்தது. உங்கள் கண்ணாடிக்கும் அதே அளவுகோல்.

ஆகவே நகர மன்றத்தை மிரட்டாதீர்கள், உதவி கேளுங்கள். எந்த நிறுவனம் அன்று உங்கள் புளோக்கில் புல் வெட்டியது, அதன் முகவரி என்ன என்ற இரண்டு விவரம் போதும். (சாலையோரப் புல்லாக இருந்தால் அது பெரும்பாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் வரும். கேட்க வேண்டிய கதவு வேறு.) இப்படிப்பட்ட வேலை செய்யும் நிறுவனங்கள் வழக்கமாகப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி, அதாவது தங்கள் வேலையால் பிறருக்கு வரும் சேதத்துக்கான காப்புறுதி, வைத்திருக்கும்.

அந்த நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று காட்ட முடியுமா? உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது, அதன் மதிப்பு உங்களுக்கே தெரியவில்லை: "வழக்கமாக இன்னொருத்தர் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அன்றைக்கு இவன் ஒருத்தன்தான்." கார்களுக்குப் பக்கத்தில் வெட்டும்போது கல் தெறிக்காமல் வலைத்திரை பிடிப்பது எதற்காக என்று அந்த நிறுவனத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒற்றை ஆளை அனுப்பியிருந்தால் குறை அனுப்பியவரிடம். இதை இன்றே ஒரு தாளில் நேரத்தோடு எழுதி வையுங்கள். எந்தப் பக்கம் வெட்டியிருந்தது, கார் எந்த எண்ணில் நின்றது, யாரார் பார்த்தார்கள் என்று எல்லாம். அந்த இரண்டு படங்களையும் அழித்துவிடாதீர்கள். பின் இருக்கைக்கடியில் அந்தக் கல் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடைத்தால் ஒரு சின்னப் பையில் போட்டு வையுங்கள். சிரிக்காதீர்கள், வழக்கறிஞராக ஒரு வழக்கில் நான் அப்படி ஒரு கல்லை மேசையில் வைத்த பிறகுதான் எதிர்த்தரப்பு சமரசம் பேச வந்தது.

ஒப்பந்ததாரருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். தேதி, நேரம், இடம், "உங்கள் ஊழியர் புல் வெட்டும்போது, வலைத்திரை இல்லாமல்" என்ற விவரம், இரண்டு விலைப்பட்டியல், படங்கள், பதிலுக்கு 14 நாள். 1,420 வெள்ளியைக் கேட்காதீர்கள். நியாயமான செலவு எதுவோ அதுதான் கிடைக்கும். எட்டு வயதுக் காருக்கு 560-ம் ஃபிலிமும் நியாயம் என்றுதான் யாரும் சொல்வார்கள். குப்பைப் பை ஒட்டி மழை உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டது நல்ல காரியம், சேதத்தைப் பெருக்காமல் இருப்பது உங்கள் கடமையும்கூட. அதே காரணத்தால் இன்னும் ஒரு மாதம் இப்படியே ஓட்டி, நனைந்த சீட்டுக்கும் சேர்த்துக் கேட்டால் எடுபடாது.

பதில் வராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது, ஸ்மால் கிளைம்ஸ் என்று எல்லோரும் சொல்வது. 20,000 வெள்ளி வரை கேட்கலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும். உங்கள் தொகைக்கு, தனிநபராகப் பதிந்தால் கட்டணம் 10 வெள்ளி. வாகனத்தால் வந்த விபத்துகளை அங்கே எடுக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் காரை இடித்தது வேறொரு வாகனம் அல்ல, கையில் பிடித்து வெட்டும் இயந்திரத்திலிருந்து தெறித்த கல். அங்கே வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. அதாவது எனக்கு வேலையில்லை, உங்களுக்கு மிச்சம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது. காப்புறுதி கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டால் ஒப்பந்ததாரரிடம் நீங்கள் கேட்கக்கூடியது உங்கள் எக்ஸஸும், காப்புறுதி தராத ஃபிலிம் செலவும்தான். மீதியைக் கேட்பது நிறுவனத்தின் உரிமை. ஒப்பந்ததாரர் ஏதோ தொகை தந்து "முழுமையாக முடிந்தது" என்று கையெழுத்துக் கேட்டால், காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் போடாதீர்கள்.

தம்பியின் சம்பளம்

இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "நானும் அப்படி வந்தவன்தான் மேடம்" என்ற வரியை இரண்டு முறை படித்தேன்.

முதலில், நீங்கள் சொன்ன "பாத்துக்கலாம்" என்ற வார்த்தை. அதைச் சொன்னதால் உரிமை போய்விட்டதோ என்று பயப்படுகிறீர்கள். இல்லை. நம் பேச்சில் பாத்துக்கலாம் என்பதற்கு நூறு அர்த்தம். "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று ஒரு நிறுவனத்துக்கு விடுதலை எழுதிக் கொடுத்ததாக எந்த நடுவரும் அதைப் படிக்க மாட்டார்.

மாதம் ஐம்பது வெள்ளியை வாங்காதீர்கள். வாங்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அது அந்த நிறுவனம் சுமக்க வேண்டிய செலவு. கடனோடு வந்தவர் பத்து மாதம் அதைச் சுமந்தால், முதலாளி செய்திருக்கக்கூடிய மோசமான காரியத்தை நீங்களே செய்தது போலாகும்.

முதலாளி பிடித்துக்கொள்வாரா என்ற பயத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒர்க் பர்மிட்டில் வந்தவருக்கும் வேலை நியமனச் சட்டம் பொருந்தும். சட்டம் அனுமதித்த காரணங்களுக்கு மட்டுமே சம்பளத்தில் கைவைக்கலாம். ஊழியரின் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவருடைய அலட்சியத்தால் சேதமானால் பிடித்தம் செய்ய இடமுண்டு. அப்போதும் முதலில் அவரை விசாரித்து விளக்கம் கேட்க வேண்டும், பிடிப்பது ஒரு மாதச் சம்பளத்தில் கால்பங்கைத் தாண்டக்கூடாது, அதுவும் ஒரே முறைதான். உங்கள் கார் அவரிடம் ஒப்படைத்த பொருளே அல்ல. வலை பிடிக்க ஆள் அனுப்பாத நிறுவனம் இதைக் காட்டிப் பிடித்தம் செய்தால் அவர் மனிதவள அமைச்சிடம் முறையிடலாம், வெளிநாட்டு ஊழியர் நிலையமும் உதவும்.

உங்களிடம் ஒன்றை மறைக்கக்கூடாது. பிடித்தம் செய்யாமல், முன்னறிவிப்புக் கொடுத்து வேலையிலிருந்தே அனுப்பிவிட்டால்? அதைத் தடுக்க உங்கள் கையில் எதுவும் இல்லை. நியாயமில்லாத நீக்கம் என்று அவர் முறையிடலாம், ஆனால் அதற்குள் அவர் ஊர் போய்ச் சேர்ந்திருக்கக்கூடும். ஏழு மாதக் கடனோடு இருப்பவருக்கு அது பெரிய ஆபத்துதான். அதனால்தான் வரிசையை இப்படிச் சொல்கிறேன். பாலிசியில் பின்கண்ணாடி அடங்கியிருந்தால் அதிலேயே கேளுங்கள், 100 வெள்ளியோடு முடியட்டும். சில நூறு வெள்ளிக்காகக் காப்புறுதி நிறுவனம் ஒப்பந்ததாரரைத் துரத்துவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு, பல நேரம் துரத்துவதில்லை. எக்ஸஸைக் கேட்டு ஒப்பந்ததாரருக்கு எழுதுவது உங்கள் உரிமை, கடமை அல்ல. அந்த நூறு வெள்ளியை விட்டுக்கொடுக்க நினைத்தால் யாரும் உங்களைத் தடுக்க முடியாது. அதில் பொய்யும் இல்லை. பாலிசியில் அடங்கவில்லை என்றால் மட்டும் ஒப்பந்ததாரருக்குக் கடிதம் எழுதுங்கள். அப்போதும் தம்பியின் பெயர் வேண்டாம், வலை பிடிக்க ஆள் இல்லாததை முதல் வரியில் வையுங்கள். குறை எங்கே என்று அவர்களுக்கே புரியும்.

மச்சானின் ஜோகூர் கணக்கு

750 ரிங்கிட், நம் காசுக்கு ஏறக்குறைய 230 வெள்ளி என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். மலிவுதான், மறுக்கவில்லை. நல்ல கடைகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் காப்புறுதியில் கேட்டால் உங்கள் செலவு 100. அதற்குப் பிறகு ஜோகூருக்குப் போக என்ன காரணம்? பாலிசியில் அடங்காவிட்டால்தான் இந்தக் கேள்வியே வரும்.

அப்போதும் சிலவற்றைப் பாருங்கள். பின்கண்ணாடி இல்லாத காரோடு, ஜோகூருக்குப் போகும் காஸ்வே பாலத்து நெரிசலில் ஒன்றிரண்டு மணி நேரம் நின்றால் சுற்றியுள்ள வண்டிகளின் புகை எல்லாம் உள்ளேதான். பின்னால் மகளின் இருக்கை இருக்கிறது. விஇபி என்ற மலேசிய வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர்க் காருக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம், மச்சான் கணக்கில் அது வரவில்லை. மாட்டிய பிறகு மழையில் ஒழுகினால் இங்குள்ள நடுவர் மன்றத்துக்கு இழுக்க முடியாது, மறுபடி வரிசையில் நின்று அங்கேதான் போக வேண்டும். டிண்ட் ஃபிலிமைக் "கறுப்பாகவே போடுறேன் பாஸ்" என்பார்கள். இங்கே பின்கண்ணாடி வழியாகக் குறைந்தது 25 விழுக்காடு வெளிச்சம் போக வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. முன்கண்ணாடிக்கும் முன் பக்கக் கண்ணாடிகளுக்கும் 70. உங்கள் கார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும் வயதில் இருக்கிறது, ஃபிலிம் கறுத்திருந்தால் அங்கே உரிக்கச் சொல்வார்கள்.

எங்கே மாற்றினாலும், கண்ணாடியின் கீழ் மூலையில் பொறித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், பதப்படுத்திய கண்ணாடி என்பதற்கான சொல், வட்டத்துக்குள் ஆங்கில இ எழுத்தும் ஒரு எண்ணும் போன்ற தர அடையாளம் இருக்க வேண்டும். மொட்டையாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பசை இறுக நேரம் வேண்டும். எவ்வளவு நேரம் கழித்து ஓட்டலாம் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே கேளுங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் பின்கதவை அடித்துச் சாத்தாதீர்கள், பக்கக் கண்ணாடி ஒன்றைச் சற்றுத் திறந்து வையுங்கள், கார் கழுவும் இடத்துக்குப் போகாதீர்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் சூட்டுக் கம்பி, வைப்பர், மேலே இருக்கும் பிரேக் விளக்கு மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

கண்ணாடித் துகள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வேக்கூம் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், போதாது. எனக்கு இப்படி ஒருமுறை நடந்து ஆறு மாதம் கழித்து, சீட் பெல்ட் பக்கிளுக்குள் மாட்டிக்கொண்டு ஒரு துண்டு வந்தது. மகளின் இருக்கையைக் கழற்றி, உறையை உருவி, உதறி, பட்டைகள் நுழையும் பொந்துகளை விளக்கடித்துப் பாருங்கள். அது முடியும்வரை அவளைப் பின்னால் உட்காரவைக்காதீர்கள்.

இன்று மாலை பாலிசியை எடுத்து அந்த மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு நிறுவனத்தை அழையுங்கள். அப்புறம் அந்தத் தம்பியின் எண்ணுக்கு ஒரு செய்தி: "காசு வேணாம். உன் பேரை நான் எழுதலை. யாராச்சும் கேட்டா நடந்ததை அப்படியே சொல்லு, வலை பிடிக்க ஆள் வரலைங்கிறதையும் சேத்துச் சொல்லு."